சாம்பல் பெட்டையைக் கொல்ல மாட்டேன்

அபர்டீன்
26 ஏப்ரல் 1976

ஐலீன்,

நிச்சயதார்த்த மோதிரத்தைப் புறாத்தீனிப் பார்லித் தகரத்துக்குள் போட்டுத் தபாலில் அனுப்பியிருந்தாய். வந்து சேர்ந்தது. பார்லியையாவது நீ வைத்துக்கொண்டிருக்கலாம். மோதிரத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நீ முடிவெடுத்துவிட்டாய். புறாக்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உன் வீட்டுப் பின்முற்றத்தில் நிற்கும் கூண்டு நான் அடித்தது. அதிலிருக்கும் இருபது கர்ணப்புறாக்களும் நான் ஜோடி சேர்த்துப் பிறக்கவைத்தவை. வருகிற சனிக்கிழமை என் அண்ணன் லென் கூடைகளோடு நெதர்ட்டனுக்கு வருவான். பத்தொன்பதை அவனிடம் கொடுத்துவிடு. குவாரி பேங்க் ஊரில் அவன் கூண்டில் ஆறு வாரம் அடைத்துவைத்தால் அந்த இடத்துக்குப் பழகிவிடும். இருபதாவது அந்தச் சாம்பல் பெட்டை. அதை லென் அங்கேயே முடித்துவிடுவான். நீ பார்க்க வேண்டாம். அடுக்களைக்குள் போய்விடு.

ஈஸ்டருக்கு முந்தின நாள் நடந்ததை நீ வேலை செய்யும் வாளி ஆலை முழுக்கச் சொல்லியிருப்பாய். கழுத்தைத் திருகப் போனான், விரல் விரலாகப் பிரித்துப் பறவையை வாங்கினேன் என்று. நடந்தது அதுதான், மறுக்கவில்லை. ஏன் திருகப் போனேன் என்பதையும் சேர்த்துச் சொன்னாயா?

கர்ணப்புறாவுக்கு வேலை இரண்டு. உயரத்தில் பறக்கும்போது பின்னோக்கிக் கவிழ்ந்து பந்தாக உருண்டு விழ வேண்டும். விழுகிற வழியில் தானாக நின்று, மேலேறிக் கூட்டத்தோடு சேர வேண்டும். முதல் வேலை மட்டும் தெரிந்த புறா பிரேக் இல்லாத லாரி. இவள் தரைவரை மூன்று தடவை வந்துவிட்டாள். உங்கள் சலவையறைக் கூரை, உன் அம்மாவின் துணிக்கொடி, பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்தி. பிழைத்ததெல்லாம் அதிர்ஷ்டம். கடலில் நான் வேலை செய்யும் எண்ணெய் மேடையில் அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு வால்வைக்கூடத் திறக்க மாட்டோம்.

இவளுடைய அப்பனும் ஆத்தாளும் ஆழமாக உருளுகிறவர்கள். ஆழத்தோடு ஆழத்தைச் சேர்த்தவன் நான். வரைந்தவன் நான்தான், பிசகிய வார்ப்பை உடைக்கிற உரிமையும் எனக்குத்தான். போன குளிர்காலத்தில் எங்கள் புறா மன்றத்தில் நான் கொண்டுவந்த விதி உனக்கு நினைவிருக்கும். போட்டியில் நடுவர் கண்முன் தரைவரை உருண்டுவந்த புறாவை, அவர் முற்றத்தைவிட்டுப் போவதற்குள் முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் வாங்கிய புள்ளி செல்லாது. அப்படிப்பட்டதை வைத்துக் குஞ்சு எடுத்துத்தான் பாதிப் பேர் நல்ல வம்சத்தைக் கெடுத்தார்கள். எல்லோருக்கும் அந்த விதி, எனக்கு மட்டும் விலக்கா?

சனிக்கிழமை.

நெவில்


நெதர்ட்டன்
3 மே

நெவிலுக்கு,

லென் வந்தான். அம்மா பட்டாணியும் ஈரல் உருண்டையும் போட்டாள். இரண்டு தட்டு சாப்பிட்டான். பத்தொன்பது புறாவையும் நானே பிடித்துக் கூடையில் வைத்துக் கொடுத்தேன். உன்னுடையவை, கொண்டு போ.

அப்புறம் அவன் தொண்டையைச் செருமினான். "ஐலீன், அந்தச் சாம்பலையும்..." என்றான்.

"அதையும்?"

"நெவில் முடிச்சிடச் சொல்லியிருக்கான்."

"முடி. எங்கம்மா போட்ட சோறு இன்னும் வாயில இருக்கு, கையைத் துடைச்சிட்டு முடி."

"ஏன்மா என்னை இழுத்து விடுறீங்க ரெண்டு பேரும்? நான் பேசாம கூடையைத் தூக்கிட்டுப் போயிடுறேன்."

போய்விட்டான். அம்மா அதுவரை நிலக்கரி அள்ளுகிற கரண்டியோடு கதவருகில் நின்றிருந்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

வார்ப்பு என்று எழுதியிருக்கிறாய். நான் தினமும் எனாமல் பூச்சில் வாளிகளைத் தோய்க்கிறவள். பிசகின வாளி எது என்று தட்டிப் பார்க்காமலே சொல்வேன், தயங்காமல் குப்பையில் எறிவேன். வாளிக்கு இதயம் அடிப்பதில்லை நெவில். அன்று உன் விரலுக்குள் அடித்தது எனக்குக் கேட்டது, உனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு மோதிரத்தைக் கழற்றியது புறாவுக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். என் முற்றத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் நிற்பதே தெரியாததுபோல் கழுத்தில் கை வைத்தாயே, அதற்காக.

அவள் இங்கேதான் இருப்பாள்.

ஐலீன்


அபர்டீன்
10 மே

ஐலீன்,

ஒற்றைப் புறாவை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? வைத்துக்கொள். ஒரே ஒரு விஷயம்: அவளிடமிருந்து குஞ்சு எடுக்காதே. மற்றதெல்லாம் உன் பிடிவாதம், இது வம்சம்.

நெவில்


நெதர்ட்டன்
14 ஜூன்

நெவிலுக்கு,

உன் கணக்குப்படி ஆறு வாரம் அடைத்துவைத்துவிட்டு லென் நேற்று கூண்டைத் திறந்தான். நான் முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் இறக்கைச் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் பத்தொன்பதும் எங்கள் வீட்டைச் சுற்றுகின்றன. சலவையறைக் கூரையில் இறங்கி, வரிசையாகக் கூண்டுக்குள் நடந்து போயின. ஒவ்வொன்றும் அதனதன் பழைய பலகையில் போய் உட்கார்ந்தது. லென் சைக்கிளில் வியர்த்து ஊற்ற வந்தபோது எல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"திறந்தேன், ஒரு சுத்து சுத்துச்சு, அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பாக்கலை" என்றான்.

"நீ போட்ட சோளம் பிடிக்கலையோ?"

"பெரிய படிப்புப் படிச்சவன் ஆறு வாரம்னு எழுதினான், நானும் நம்பினேன் பாரு."

இரண்டு வருஷம் ஒரு வானத்தில் பறந்த புறாவை வேறு கூரைக்கு மாற்ற முடியாது என்று உங்கள் மன்றத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது உனக்கும் தெரியும். கோபம் வந்தால் உனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

அவை இனி எங்கும் போகாது. ஆகவே நான் பறக்கவிடுகிறேன். செப்டம்பர் போட்டிக்கு என் பெயரிலேயே பதிந்துவிட்டேன். கூண்டு யார் முற்றத்தில் நிற்கிறதோ அவர் பெயரில்தான் பறக்கும், அதுவும் மன்றத்து விதிதான். விதி உனக்குப் பிடிக்குமே.

ஐலீன்


அபர்டீன்
30 ஜூன்

ஐலீன்,

நீ போட்டிக்குப் பதிந்ததை மன்றச் செயலாளர் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதி முடித்தேன். அப்புறம்தான் மேடையிலிருந்து இறங்கி வந்து உன் கடிதத்தைப் பார்த்தேன். என் கடிதத்தைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் பெயரில் பறக்கட்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் என் உழைப்பை நீ கெடுக்க விடமாட்டேன். சாம்பலைக் கூட்டத்தில் சேர்க்காதே. பத்தொன்பது போதும். அவள் நடுவர் முன்னால் தரைக்கு வந்தால் மொத்தப் புள்ளியும் போகும், அல்லது அவள் போவாள். இரண்டில் ஒன்று. மூன்றாவது வழி கிடையாது, நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியும்.

வெயில் கொளுத்துகிறதாமே. காலையில் மட்டும் பறக்கவிடு. தீனியை எல்லாவற்றுக்கும் ஒரே தட்டில் வீசாதே, மெலிந்தது பட்டினி கிடக்கும். குளிக்கத் தண்ணீர் வை.

நெவில்


நெதர்ட்டன்
19 ஜூலை

நெவிலுக்கு,

குளிக்கத் தண்ணீரா? மழையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று உனக்குத் தெரியுமா? தோட்டத்துக்குக் குழாய் பிடித்தால் அபராதம். அம்மாவும் நானும் ஒரே தொட்டித் தண்ணீரில் குளிக்கிறோம், மூன்றாவதாக உன் புறாக்கள் குளிக்கின்றன. நீ கடலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறாய்.

இப்போது நான் பார்த்ததை எழுதுகிறேன். நம்பாவிட்டாலும் படி.

நீ சொன்னபடியே சாம்பலை உள்ளே வைத்துப் பத்தொன்பதை விட்டேன். நன்றாகப் பறந்தன. சுற்றிச் சுற்றி, டட்லிக்குப் போகிற பஸ் மாதிரி. அங்கொன்று உருளும், இங்கொன்று உருளும். ஐந்து புறாவாவது ஒரே நொடியில் கவிழ்ந்தால்தானே புள்ளி? ஒன்றும் கிடையாது. மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் அவளையும் சேர்த்து விட்டேன். மேலே ஏறினார்கள். கூட்டத்தின் முன்விளிம்பில் அவள். இறக்கையை ஒருமுறை படபடவென்று அடித்தாள், கவிழ்ந்தாள். அவள் பின்னாலேயே மொத்தக் கூட்டமும் நெவில், மொத்தமும்! நெல்லிக்காய் மூட்டையை யாரோ வானத்தில் அவிழ்த்த மாதிரி. கையிலிருந்த தீனித் தகரத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

உள்ளே வைத்தும் வெளியே விட்டும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். அவள் இருந்தால் நடக்கிறது. இல்லாவிட்டால் பஸ்தான்.

நீ கேமராவில் படம் பிடித்தாய். மெதுவாக ஓடவிட்டு, இறக்கை இந்தக் கோணம், வால் அந்தக் கோணம் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். அவளை மட்டும்தான் பிடித்தாய். அவள் உருளும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நீ பார்த்ததே இல்லை.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை சலவையறை ஓட்டில் மோதினாள். ஒரு ஓடு உடைந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை, கொஞ்சநேரம் என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓட்டுக்கு அம்மா உன்னைத்தான் திட்டினாள்.

ஐலீன்


அபர்டீன்
2 ஆகஸ்ட்

ஐலீன்,

படச்சுருளை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். படச்சட்டம் முழுக்க அவள்தான். கவிழ்ந்த கணத்துக்கு அடுத்த கணம் ஓரத்தில் நிழல்கள் சரிகின்றன. பறவைகளாக இருக்கலாம், படச்சுருளின் கீறலாகவும் இருக்கலாம். நீ சொல்வதற்கு இது சான்று அல்ல. எதிராகவும் அல்ல.

சரி, அவள்தான் தூண்டுகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? எங்கள் மேடையில் ஒரு எச்சரிக்கை மணி இருக்கிறது. சரியான நேரத்தில் அடிக்கும். அது அடித்தபின் மூட வேண்டிய வால்வு சிக்கிக்கொண்டால் மணியைப் பாராட்டி யாரும் வேலையைத் தொடர மாட்டார்கள். அவள் மணி, அவளே சிக்கிய வால்வு. ஒருநாள் அடித்துச் சாவாள். இன்னும் சொல்கிறேன், முடிப்பதுதான் சரி.

நீ கேட்க மாட்டாய். ஆகவே எழுதுகிறேன்: அவளுக்குப் பார்லியைக் குறைத்துக் கோதுமையும் பட்டாணியும் கூட்டு. உடம்பில் வலு இருந்தால் உயரம் போவாள், நிற்கவும் தெம்பு இருக்கும். தினமும் விடாதே, பறந்த நாளுக்கு அடுத்து ஓய்வு கொடு. முட்டை இட்டால் எடுத்துவிட்டு, அவள் அடைகாக்க மரமுட்டை வை.

தனியாக ஒரு மூட்டை அனுப்புகிறேன். துறைமுகத்தில் வாங்கிய பழைய மீன்வலை. மேடையில் ஹெலிகாப்டர் இறங்கும் தட்டின் ஓரத்தில் ஆட்கள் விழாமல் இப்படித்தான் கட்டுவோம். சலவையறைக் கூரையிலிருந்து கூண்டுவரை, பின்சுவர்வரை. இறுக்கிக் கட்டாதே, இறுக்கினால் அது இன்னொரு கூரை. நடுவில் முழங்கை ஆழம் தொய்ய வேண்டும். கொக்கி எங்கெங்கே என்று வரைந்து வைத்திருக்கிறேன். லென் கையால் ஆணி அடிக்கவிடாதே.

இது அவளுக்காக அல்ல. உன் அம்மாவின் ஓட்டுக்காக.

நெவில்


நெதர்ட்டன்
12 செப்டம்பர்

நெவிலுக்கு,

நேற்று போட்டி. லென் உனக்குத் தொலைபேசியில் ஏதாவது உளறியிருப்பான். நடந்தது இது.

வாரமெல்லாம் மழை. நேற்றுக் காலையில்தான் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. நடுவர் வெஸ்ட்வுட் வந்தார், கூடவே மன்றத்து ஆட்கள், கையில் பன்றித்தோல் வறுவல் பொட்டலங்களோடு. முற்றத்தின் மேல் உன் வலையைப் பார்த்து ஒருவர், "என்னம்மா, வானத்துல மீன் பிடிக்கிறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அவருக்கு மட்டும் தேநீர் கொடுக்கவில்லை.

இருபதையும் விட்டேன். நடுவர் கடிகாரத்தை அழுத்தினார். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. கால்வாய்ப் பக்கம் திரும்பும்போது அவள் முன்விளிம்புக்கு வந்தாள். அந்தப் படபடப்பு. கவிழ்ந்தாள். அத்தனையும் கவிழ்ந்தன. வெஸ்ட்வுட் எழுதக் குனிந்தார், நிமிர்வதற்குள் மறுபடி. "அடேயப்பா" என்று அவர் வாய்விட்டுச் சொன்னதை நான் கேட்டேன். வறுவல் தின்கிற சத்தம் நின்றுவிட்டது. பிறகு எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. மன்றத்தில் இந்த வருஷம் யாரும் வாங்காத புள்ளி. நாங்கள்தான் முதலில் இருந்தோம்.

நேரம் முடியப் போகிற சமயம் கடைசியாக ஒருமுறை. மற்ற புறாக்களெல்லாம் பாதி வழியில் நின்றுவிட்டன. அவள் நிற்கவில்லை. உருண்டு, உருண்டு, புகைக்கூண்டு தாண்டி, உன் வலையின் நடுவில் விழுந்தாள். வலை முழங்கை ஆழம் தொய்ந்து, தரைக்குமேல் நின்றது. எழுந்து இறக்கையை உதறிக்கொண்டாள்.

வெஸ்ட்வுட் பென்சிலைப் பையில் வைத்தார். "நல்ல கூட்டம் பொண்ணே. நான் பார்த்ததுலயே நல்ல கூட்டம். இப்ப அதை முடிச்சிடு, நான் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புறேன்."

லென் குறுக்கே பாய்ந்தான். "அது தரையைத் தொடலையே! வலையிலதானே விழுந்துச்சு?"

"வலை இல்லேன்னா?"

லென் என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்லு என்று. நான் வாதாடவில்லை நெவில். "தரைதான் மிஸ்டர் வெஸ்ட்வுட். அவ நிக்கலை. ஒத்துக்கிறேன். ஆனா முடிக்க மாட்டேன்" என்றேன்.

"புள்ளி போயிடுமே."

"போகட்டும்."

"அட, ஒரு பெட்டைப் புறாம்மா. நாளைக்கே நூறு கிடைக்கும். உனக்குக் கை வரலேன்னா சொல்லு, இங்க அஞ்சாறு பேரு இருக்கோம்."

"யார் கை வந்தாலும் என் கையைத் தாண்டித்தான் வரணும்."

"விதி விதிதான். அதை எழுதினவனே உன் ஆளு."

"அவன் என் ஆளில்லை. அவன் வந்து சொன்னாலும் இதே பதில்தான். ஈஸ்டருக்கே சொல்லிட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். தாளில் எங்கள் புள்ளிமேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். போகும்போது அம்மாவிடம், "வருத்தமா இருக்கு" என்றார். "எங்களுக்கு இல்லை" என்றாள் அம்மா. நான் சாம்பலை வலையிலிருந்து எடுத்துக் கூண்டில் விட்டேன். பட்டாணி போட்டேன்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். மரமுட்டை வைத்திருக்கிறேன், மே மாசத்திலிருந்தே. குஞ்சு எடுக்கக் கூடாது என்பதில் நீ சொன்னது சரி, அது எனக்கும் தெரியும். பிறக்கக் கூடாது என்பது வேறு. பிறந்ததைக் கொல்வது வேறு. இது இரண்டையும் ஒரே விதியில் எழுதிவைத்தாய் பார், அங்கேதான் எனக்கும் உனக்கும் தகராறு. ஜனவரிக் கூட்டத்தில் அந்த விதியை எடுக்கச் சொல்லி எழுந்து நிற்கப் போகிறேன். நீ வந்து எதிர்த்துப் பேசு, பார்க்கலாம்.

ஐலீன்


அபர்டீன்
20 செப்டம்பர்

ஐலீன்,

செயலாளர் எனக்கு எழுதினார். விதியை எழுதியவன் என்ற முறையில் புள்ளியை நீக்கியது சரியா என்று கேட்டார். சரி என்று பதில் போட்டேன். நீ வாயைத் திறக்கும் முன் சொல்கிறேன், சரிதான். வலையைத் தரையாக ஒத்துக்கொண்டாய் என்று படித்தபோது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். லென் மாதிரி நழுவியிருந்தால் உன் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அதே பதிலில் இன்னொன்றும் எழுதினேன். விதி கொடுப்பது இரண்டு வழி: புறாவை முடிப்பது, அல்லது புள்ளியை விடுவது. அந்தப் பெண் இரண்டாவது வழியை எடுத்தாள். அதற்குமேல் எவனாவது அந்த முற்றத்துக்குப் போய், 'இன்னும் உயிரோட வெச்சிருக்கியா' என்று கேட்டால் என்னிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என்னையே அந்த முற்றத்தில் விடவில்லை, அவன் யார்?

ஜனவரிக் கூட்டத்துக்கு வருவேன். எதிர்த்துத்தான் பேசுவேன், எதிர்த்துத்தான் கை தூக்குவேன். சாம்பல் பெட்டை ஒருநாள் அடித்துச் சாவாள், அன்றைக்கு நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லவும் செய்வேன். இதிலெல்லாம் நான் இம்மியும் மாறவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாள் மட்டும், உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாய். நான் கத்தியிருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

பெட்டை நிற்காமல் போவதற்குக் காரணம் என்னவென்று தெரியவில்லை. வலுவா, கண்ணா, ரத்தமா? எதையாவது தெரியாது என்று எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. மொத்தக் கூட்டமும் கவிழ்கிறது என்கிறாய். இரண்டு வருஷம் அந்தப் புறாக்களை வளர்த்தேன், அதை ஒருநாளும் பார்த்ததில்லை. எப்போதும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேமராவுக்குள் இருந்தேன்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். கேமரா கொண்டு வரமாட்டேன். காலையில் பறக்கவிடுவாயா?

நெவில்


நெதர்ட்டன்
24 செப்டம்பர்

நெவிலுக்கு,

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு கொடுத்துவைக்கிறேன். சனிக்கிழமை காலை, மழை இல்லாவிட்டால்.

வலையில் ஒரு மூலை கிழிந்திருக்கிறது. ஊசியும் நூலும் கொண்டு வா.

முன்வாசல் வழியாக வராதே, அம்மா இருப்பாள். பின்கதவுக்கு வா. உன்னிடம் இருக்கும் சாவி சேராது, ஈஸ்டர் முடிந்ததும் பூட்டை மாற்றிவிட்டேன்.

தட்டு.

ஐலீன்